'அந்த நாள்' பார்த்துவிட்டு, கொலையாளியைக் காட்டிக்கொடுக்காமல் விமர்சனம் எழுதுவது எப்படி?

போன மாதம் 'அந்த நாள்' என்ற பழைய துப்பறியும் படம் பற்றி எழுதினேன். கொலையாளியின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனாலும் சித்தப்பா போன் செய்தார்: "ஏம்மா, மூணாவது வரியிலயே ஆள் யாருன்னு தெரிஞ்சுபோச்சே. இனி நான் எதுக்குப் படம் பாக்கணும்?" எங்கே சறுக்கினேன் என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. திருத்தி எழுதிய முறை இதோ.

1. இணையத்தில் பார்ப்பதானால் கீழே இருக்கும் கருத்துகளைப் படிக்காதீர்கள். 1954இல் வந்த படம், யாரும் ரகசியம் காப்பதில்லை.

2. நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். செல்போனில் குறிப்பெடுப்பது எனக்குப் பிடிக்காது. ஒரு வாட்ஸ்அப் வந்தால் ஒரு வாக்குமூலம் போச்சு. கதை 1943 அக்டோபரில், சென்னையில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறுநாள் நடக்கிறது. ரேடியோ இன்ஜினியர் ராஜன், அதாவது சிவாஜியே, எடுத்த எடுப்பில் சுடப்பட்டு விழுந்துவிடுகிறார். அப்புறம் சி.ஐ.டி. சிவானந்தமாக ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்கிறார். மனைவி, தம்பி, தம்பி மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், நாட்டியக்காரி அம்புஜம். ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி இரண்டே கேள்விகள் எழுதுங்கள்: இவர் சொல்லும் ராஜன் எப்படிப்பட்டவன்? யார் மேல் சந்தேகத்தைத் தள்ளுகிறார்?

3. எல்லோரும் பேசி முடித்ததும் படத்தை நிறுத்தி உங்கள் ஊகத்தை எழுதுங்கள். நான் தப்பாகத்தான் ஊகித்தேன். யாரை என்று சொன்னால் உங்கள் பட்டியலில் ஒரு ஆள் குறைந்துவிடும்.

4. இங்கேதான் நான் விழுந்தேன். "இன்னாரின் கடைசிக் காட்சி நடிப்பு அபாரம்" என்று எழுதியிருந்தேன். பெயரை மறைத்துவிட்டுப் புகழ்ச்சியால் காட்டிக்கொடுத்துவிட்டேன்! துப்பறியும் படத்தில் கடைசிக் காட்சி யாருக்குக் கிடைக்கும் என்று சித்தப்பாவுக்குத் தெரியாதா? அதனால் சந்தேகப்படும் எல்லோருக்கும் ஒரே அளவு பாராட்டு கொடுங்கள். கடைசி இருபது நிமிடத்தைத் தொடவே தொடாதீர்கள். "எதிர்பார்க்காத கொலையாளி" என்பதும் ஆபத்து. படிப்பவர் உடனே எதிர்பார்க்கக்கூடியவர்களைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்.

எழுதி முடித்ததும், படம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து "யாருன்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். ஒரே தடவையில் சரியாகச் சொன்னால் திருப்பி எழுத வேண்டியதுதான்.

5. அப்படியானால் என்னதான் எழுதுவது? நிறைய இருக்கிறது. படத்தில் ஒரு பாட்டு கூட இல்லை. இயக்கியவரோ வீணை எஸ். பாலசந்தர்! மாருதி ராவின் கேமராவில் நிழலும் வெளிச்சமும். ஆளுக்கு ஆள் மாறும் ராஜனை ஒரே சிவாஜி எப்படிச் சமாளிக்கிறார் என்பதற்கே ஒரு பத்தி போகும்.

சேர்த்தது: "ராஷோமான் காப்பி என்று ஏன் எழுதவில்லை?" என்று ஒருவர் கேட்டார். ஒரே சம்பவத்தைப் பல பேர் பலவிதமாகச் சொல்வது குரோசவாவின் அந்த ஜப்பானியப் படத்திலிருந்து வந்த யோசனைதான். ஆனால் அதில் உண்மை எது என்று கடைசிவரை முடிவாகாது. இங்கே சிவானந்தம் முடிச்சை அவிழ்த்துவிடுகிறார். ஒப்பிடுவதானால் அந்த வித்தியாசத்தையும் எழுதுங்கள்.

மறுபடி சேர்த்தது: எழுத்தைத் திருத்தினேனே தவிர, விமர்சனத்துக்கு மேலே ஒட்டியிருந்த புகைப்படத்தைக் கவனிக்கவில்லை. அது உச்சக்கட்டக் காட்சி! சுட்டிக்காட்டிய வாசகிக்கு நன்றி. இப்போது அங்கே சிவானந்தம் மட்டும் நிற்கிறார்.