நடப்பு நிகழ்வுகள்: மாதத்துக்கு அல்ல, அமைப்புக்கு ஒரு பக்கம்

நடப்பு நிகழ்வுகளை மாத வாரியாக நோட்டில் எழுதிக்கொண்டே போனால், தேர்வுக்கு முந்தைய வாரம் புரட்டிப் பார்க்கக்கூட நேரம் இருக்காது. அதற்குப் பதில் ஒரு சர்வதேச அமைப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா உள்ளிட்ட நாடுகளின் கூட்டமைப்பு) பக்கத்தில் மாநாட்டு விவரங்களை 2023 ஜோகன்னஸ்பர்க், 2024 கசான், 2025 ரியோ டி ஜெனிரோ, 2026 தலைமை இந்தியா என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். ஓரத்தில், 2025 ஜனவரியில் இந்தோனேசியா உறுப்பினரானதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியம் சேர்ந்தது ஜி20 என்ற பெரிய பொருளாதாரங்களின் குழுவில், 2023 புதுதில்லி மாநாட்டில். இதை பிரிக்ஸோடு குழப்பிக்கொள்வது ரொம்ப எளிது, சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் கீழே நாலு வரி காலியாக விடுங்கள். அடுத்த மாநாட்டுச் செய்தி வரும் அன்றே, பேப்பர் படித்த கையோடு அதில் எழுதிவிடலாம். விளையாட்டுக்கும் இதே முறைதான்: உலக செஸ், 2024, சிங்கப்பூர், டிங் லிரனை வென்றவர் குகேஷ்.