“பூமி அந்தக் காலத்துலயும் சூடாச்சுப்பா” என்று சொல்பவரிடம் பேசுவது எப்படி?

தருமபுரியில் ஏப்ரல், மே மாதத்தில் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வந்துவிடும். ஒருவர் ஓசோனில் ஓட்டை என்பார், இன்னொருவர் கலிகாலம் என்பார், மூன்றாமவர் போனை நீட்டி, இதெல்லாம் வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று ஒரு வீடியோவைக் காட்டுவார். கொஞ்சம் விவரம் தெரிந்தவராக இருந்தால் உங்களுக்கு உடனே குதிக்கத் தோன்றும். பொறுங்கள். அவர் எதை மறுக்கிறார் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

ஏனென்றால் இதில் நாலு கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பூமி சூடாகிறதா, அதற்கு மனிதர்கள்தான் காரணமா, அதனால் எவ்வளவு கெடும், யார் என்ன செய்ய வேண்டும். முதல் இரண்டுக்கும் அறிவியலில் பதில் கிடைத்துவிட்டது. மூன்றாவதில் ‘எவ்வளவு, எப்போது’ என்ற விவாதம் இன்னும் ஓடுகிறது. நாலாவது முழுக்க அரசியல், அதில் உங்கள் மாமா சொல்வது நூற்றுக்கு நூறு சரியாகவே இருக்கலாம். நான் பார்த்தவரையில் நம் ஆட்கள் பலர் நாலாவது கேள்வியில் இருக்கும் கோபத்தைக் கொண்டுவந்து முதல் கேள்வியில் கொட்டுகிறார்கள். அதைப் பிரித்துக் கொடுத்தாலே பாதிச் சண்டை அடங்கும்.

“இந்த வருஷம் எப்படிக் கொளுத்துது பாருங்க” என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். டிசம்பரில் தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் பல் கிடுகிடுக்கும்போது அவர் அதையே உங்களிடம் திருப்பிக் கேட்பார், கேட்பது நியாயமும்கூட. ஒரு வருஷத்து வெயிலை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. 1850–1900 காலத்துச் சராசரியோடு ஒப்பிட்டால் 2011–2020 பத்தாண்டில் உலகம் சுமார் 1.1 டிகிரி சூடாகிவிட்டது, 2024 மட்டும் ஒன்றரை டிகிரியைத் தொட்டது என்று சொல்லுங்கள். “அட, ஓசூருக்கும் தருமபுரிக்குமே அதுக்கு மேல வித்தியாசம் இருக்கே” என்பார். இருக்கிறதுதான். ஆனால் இது கடலையும் சேர்த்த மொத்த பூமியின் சராசரி. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஐரோப்பாவின் வடபாதி பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தபோது, இந்தச் சராசரி குறைந்திருந்தது ஏறக்குறைய 6 டிகிரிதான். அந்த அளவுகோலில் ஒன்றரை டிகிரி எவ்வளவு பெரிசு என்று அவரையே யோசிக்க விடுங்கள்.

அடுத்தது காரணம். ஓசோன்காரரை முதலில் மெதுவாகத் திருத்த வேண்டும், அவர் நம் பக்கம்தான் என்றாலும். ஓசோன் ஓட்டை தனிக் கதை, 1987இல் மான்ட்ரியலில் உலக நாடுகள் உடன்பாடு போட்டு அந்த வாயுக்களை நிறுத்த ஆரம்பித்ததால் அது மெல்ல ஆறிவருகிறது. சூட்டுக்குக் காரணம் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எரிப்பதில் வரும் கரியமில வாயுதான், காடழிப்புக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. இது நேற்று கண்டுபிடித்த சமாச்சாரமும் இல்லை. இந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் என்று ஜான் டின்டால் 1859லேயே சோதித்துக் காட்டிவிட்டார். தொழிற்புரட்சிக்கு முன்னால் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு இந்தக் கரியமில வாயு இருந்தது. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்க ஆரம்பித்தபோது 315, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அன்டார்டிகா பனிக்குள் சிக்கிக் கிடக்கும் பழைய காற்றுக்குமிழிகளை எடுத்துப் பார்த்தால், எட்டு லட்சம் வருஷத்தில் ஒரு தடவைகூட 300ஐத் தாண்டியதாகத் தெரியவில்லை.

“எல்லாம் சூரியன்தான்” என்பவருக்கு ஒரே ஒரு பதில் போதும். போர்வை போர்த்தினால் உள்ளே சூடு கூடும், வெளியே வரும் சூடு குறையும் இல்லையா? அதேபோல வளிமண்டலத்தின் கீழடுக்கு சூடாகிறது, மேலடுக்கு குளிர்கிறது. சூரியன் அதிகமாகக் காய்ந்திருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா சூடாகியிருக்க வேண்டும். 1970களின் கடைசியிலிருந்து செயற்கைக்கோள் சூரியனை அளந்துகொண்டுதான் இருக்கிறது, ஏறுமுகம் எதுவும் இல்லை. எரிமலையா? எல்லா எரிமலைகளும் சேர்ந்து விடும் கரியமில வாயு, மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்குகூட வராது. பூமி முன்பும் சூடாகியிருக்கிறது என்பது உண்மை, அதை ஒத்துக்கொள்ளுங்கள், ஆனால் பனியுகங்கள் வந்துபோனது பூமியின் சுற்றுப்பாதை பல்லாயிரம் வருஷத்தில் மெல்ல மாறியதால். இப்போது நடப்பது ஒரு தாத்தா, பேரன் ஆயுசுக்குள். “விஞ்ஞானிகள் காசுக்குச் சொல்றாங்க” என்றால், எண்ணெய் விற்றே சம்பாதித்த எக்ஸான் கம்பெனியின் சொந்த விஞ்ஞானிகளே 1970களின் கடைசியிலும் 80களிலும் இதையே கணக்குப் போட்டு நிர்வாகத்திடம் கொடுத்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், டீக்கடை கொஞ்ச நேரம் அமைதியாகும்.

இனி முக்கியமான இடம், நம் பக்கத்து ஆட்கள் சறுக்குவது இங்கேதான். ஊரில் நடக்கும் எல்லாக் கெடுதலையும் தூக்கிக் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிடுகிறார்கள். ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவது பெங்களூரு பக்கத்துக் கழிவு தென்பெண்ணையில் கலப்பதால். தருமபுரித் தண்ணீரில் ஃப்ளூரைடு இருப்பது நம் பாறையால், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. போர்க் கிணறு ஆயிரம் அடி ஆழம் போவதில் பெரிய பங்கு நாம் நிலத்தடி நீரை உறிஞ்சுவது. 2025இல் கிருஷ்ணகிரியில் பெங்களூரா ரக மாங்காய் விலை விழுந்தது சந்தைப் பிரச்சினை. இதையெல்லாம் நீங்களாகவே முதலில் சொல்லிவிடுங்கள், அப்புறம் நீங்கள் சொல்லும் மற்றதற்கு மரியாதை கிடைக்கும். மா பூக்கும் நேரத்தில் பருவம் தப்பி மழை பெய்து பூ கருகுவது, பிஞ்சு வெயிலில் உதிர்வது, இவையெல்லாம் விவசாயிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், அவரைப் பேசவிட்டுக் கேளுங்கள்.

கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரை வெள்ளத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்ளே வந்தபோது அங்கே ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது, நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போன வீடியோவை எல்லாரும் பார்த்தோம். “இது காலநிலை மாற்றம்தான்” என்று அடித்துச் சொல்லாதீர்கள், “இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை” என்று அவர் சொன்னாலும் விடாதீர்கள். புயல் முன்பும் வந்தது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், ஆகவே அதே புயல் கூடுதலாகக் கொட்ட வாய்ப்பு உண்டு. கொட்டிய தண்ணீர் எந்தத் தெருவுக்குள் நுழைகிறது என்பதை ஏரியையும் ஓடையையும் நாம் வைத்திருக்கும் லட்சணம் தீர்மானிக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

சரி, கடைசியில் அவர் “அமெரிக்காக்காரன் நூறு வருஷமா புகையை விட்டுட்டு இப்ப எம் டிராக்டரை நிறுத்தச் சொல்றானா” என்று வெடிப்பார். எதிர்க்காதீர்கள், ஆமாம் என்று சொல்லுங்கள். இந்தியாவில் ஆளுக்கு வருஷத்துக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு, அமெரிக்காவில் அதைப் போல ஏழு மடங்கு. இதுவரை காற்றில் சேர்த்ததில் கால்வாசி அவர்களுடையது. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை என்பது 1992 ரியோ மாநாட்டில் உலகமே எழுத்தில் ஒத்துக்கொண்ட விஷயம். இப்போது வருஷத்துக்கு நாடு மொத்தமாக விடும் கணக்கில் இந்தியா மூன்றாவது இடத்தில் இருக்கிறது என்பதையும் மறைக்க வேண்டாம், 2070க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் (அதாவது விடுவதும் திரும்ப உறிஞ்சப்படுவதும் சமமாகும்) என்று நம் அரசே 2021இல் கிளாஸ்கோவில் சொல்லியிருக்கிறது. ‘நாம் காரணம் இல்லை’ என்பது வேறு, ‘நடக்கவே இல்லை’ என்பது வேறு. மாமா சொல்ல வந்தது பெரும்பாலும் முதலாவதுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பாவை எல்லார் முன்னாலும் மடக்காதீர்கள், தனியாக போன் போடுங்கள். பத்து வருஷத்தில் உலகம் அழிந்துவிடும் என்று பயமுறுத்தவும் வேண்டாம், பதினோராவது வருஷம் உங்களைத் தேடி வருவார்கள்.

“அப்ப நான் என்னதான் பண்றது” என்று கேட்டுவிட்டால் நல்ல சகுனம். மரம் நடுங்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாமல், மானாவாரி நிலமென்றால் ராகி, சாமையைக் கைவிடாமல் இருக்கச் சொல்லுங்கள், மாந்தோப்பு என்றால் இலைதழையால் மண்ணை மூடிவைக்கும் மூடாக்கும் சொட்டுநீர்ப் பாசனமும். சூரியசக்தி பம்ப்செட் மானியத்துக்கு வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் வெயில் இருக்கிறதே என்று பகல் முழுக்க மோட்டாரை ஓடவிட்டால் போர்த் தண்ணீர் இன்னும் கீழே போகும், அதையும் சேர்த்தே சொல்லி அனுப்புங்கள்.