கடித்தது எது என்று பார்க்காமல் தைலம் தேய்க்காதீர்கள்

மலேசியாவின் கோல சிலாங்கூர் போன்ற தோட்டப்புற ஊரில் மாலை வேளையில் வெளியே நின்றால் ஏதாவது ஒன்று கடிக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் அலையாத்திக் காடு, வடக்கே தஞ்சோங் காராங் வயல்கள். கடித்தது எதுவானாலும் "கொசுதான்" என்று தைலத்தைத் தேய்ப்பது நம் வீட்டு வழக்கம். பாதித் தொல்லை அதிலேயே தொடங்கிவிடுகிறது.

முக்கியமாக செமுட் செமாய். மலாயில் செமுட் என்றால் எறும்பு. பெயர்தான் அப்படி, உண்மையில் அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வண்டு. தலை கறுப்பு, உடல் ஆரஞ்சும் கறுப்பும், நடுவில் பளபளக்கும் கருநீலப் பட்டை. வயலிலும் சதுப்பிலும் வாழ்வது, இரவில் விளக்கைத் தேடி வீட்டுக்குள் வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. கழுத்தில் ஊரும்போது பட்டென்று அடித்து நசுக்குகிறோமே, அதுதான் தவறு. அதன் உடலில் உள்ள பெடரின் என்ற நச்சு தோலில் பூசப்பட்டுவிடும். அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கு மறுநாளோ கோடு இழுத்தாற்போல் சிவந்து, எரிந்து, கொப்புளம் போடும். முழங்கை மடிப்பில் பட்டால் எதிரெதிரே ஒரே மாதிரி இரண்டு புண் வரும். ஊதித் தள்ளுங்கள், அல்லது ஒரு தாளில் ஏறவிட்டு வெளியே விடுங்கள். நசுங்கிவிட்டால் கண்ணைத் தொடுவதற்கு முன் கையையும் அந்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சட்டை, படுக்கை விரிப்பையும் துவைத்துவிடுங்கள்.

இந்தப் புண்ணை அக்கி என்று நினைத்துக் காவி பூசுவோர் உண்டு. அக்கி பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில் மட்டும் வரும், கொப்புளத்துக்கு முன்பே வலி இருக்கும். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. சந்தேகம் இருந்தால் கிளினிக்குக்குப் போய்விடுங்கள், காவி வேண்டாம்.

அடுத்தது பூச்சி விரட்டி. காற்றடிக்கும் திடலில் கொசுவர்த்தி வைத்துப் பயனில்லை. செராய் (எலுமிச்சைப் புல்) எண்ணெய் மணக்கும், ஆனால் வியர்வையில் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. 20 முதல் 30 விழுக்காடு டீட் (DEET), அல்லது 20 விழுக்காடு இக்காரிடின் (Icaridin) என்ற மூலப்பொருள் உள்ளதா என்று லேபிளைப் பாருங்கள். விழுக்காடு கூடினால் கூடுதல் நேரம் தாங்கும். 50-க்கு மேல் போய் பெரிய லாபமில்லை. சன் கிரீம் முதலில், அது காய்ந்த பிறகு விரட்டி. சட்டைக்கு அடியில் பூச வேண்டாம். டீட் பிளாஸ்டிக்கை அரிக்கும், மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகார வாரும் கவனம். குழந்தைக்குப் பெரியவர் தம் கையில் ஊற்றிப் பூசிவிட வேண்டும். பிள்ளையின் விரல்களில் பூசக்கூடாது. ராத்திரி மட்டும் பூசுவதும் தவறு. ரப்பர் பால் மங்கிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் தேங்கும் நீரில் பெருகும், டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம்.

அலையாத்திச் சேற்றில் பிறக்கும் அகாஸ் என்ற மிகச் சிறிய கடிக்கும் பூச்சி சாதாரண சன்னல் வலைக் கண்ணில் நுழைந்துவிடும். ஆனால் பறக்கும் பலம் குறைவு. வாசலில் ஒரு மேசை விசிறி போதும். மாட்டுக் கொட்டகைப் பக்கம் திரியும் மாட்டு ஈக்குக் கருநிற உடை பிடிக்கும், வெளிர் நிறம் உடுத்துங்கள்.

கடித்த பின் சோப்பும் நீரும், துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். அரிப்பு அடங்காவிட்டால் 1 விழுக்காடு ஹைட்ரோகார்ட்டிசோன் கிரீம். எச்சில், பற்பசை, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். குளவி கொட்டி மூச்சு இழுத்தாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுற்றினாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 999-ஐ அழையுங்கள்.

லாலான் புல்லில் உட்கார்ந்து எழுந்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கடும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், இடுப்புப் பட்டை, அக்குள், தொடையிடுக்கில் சிகரெட் சுட்டது போன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். வலிக்காது, அதனால் கவனத்துக்கு வராது. கண்ணுக்குத் தெரியாத உண்ணிக் குஞ்சு கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் அது. டாக்சிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மருந்தில் குணமாகும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. பொருக்கு இல்லையென்றால் டிங்கியாகவும் இருக்கலாம். ஆகவே ஆஸ்பிரின், இபுபுரோஃபென் தொடாமல் பாராசிட்டமோல் மட்டும் கொடுத்து, தோட்டத்துக்குள் போய்வந்ததை மருத்துவரிடம் அவர் கேட்காமலே சொல்லுங்கள்.