‘எண்’ எழுதும்போது ஒரு கவனம்

‘எண்’ அடையாளம், ‘எண்ணிக்கை’ அளவு. ‘பேருந்து எண் 12’ என்றால் ஒரே வண்டிதான். ‘பேருந்துகளின் எண்ணிக்கை 12’ என்றால் பன்னிரண்டும் நிற்கும். ‘வந்தவர்களின் எண் 40’ என்று எழுதுவது சரியல்ல.

‘எண்ணிப் பார்’ என்பதற்கு ‘கணக்கிடு’, ‘யோசி’ இரண்டும் பொருள். ‘பணத்தை எண்ணிப் பார்த்தான்’ என்பதில் எண்ணினானா, பணத்தைப் பற்றி யோசித்தானா? குழப்பம் வருமென்றால் ‘எண்ணினான்’ என்று முடித்துவிடுங்கள். ‘எண்ணற்ற’ என்றால் கணக்கில்லாத. ‘எண்ணமற்ற’ என்றால் நினைப்பே இல்லாத. ஓரெழுத்தில் பொருள் தடம் புரண்டுவிடும்.

இன்னொன்று: எண்கோணம், எண்திசை, எண்சாண் உடம்பு எல்லாவற்றிலும் இருப்பது எட்டு. எண்ணூறும் அப்படியே. எண்ணெய் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராது. அது எள் + நெய்.