ஈஸ்ட் பொங்கவில்லையா? சர்க்கரையைக் குறைத்துப் பாருங்கள்

வீட்டில் பன் செய்யும்போது, ஈஸ்ட் நன்றாகப் பொங்கட்டும் என்று இரண்டு மூன்று ஸ்பூன் சர்க்கரையை அள்ளிப் போடாதீர்கள். அரை கப் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அரை டீஸ்பூன் போதும்.

ஈஸ்ட் செல்லுக்கு வாய் கிடையாது. சுற்றியுள்ள நீரில் கரைந்திருப்பதைத்தான் அது சவ்வு வழியாக எடுத்துக்கொள்ளும். நாம் போடும் சர்க்கரையைக்கூடப் பெரும்பாலும் அப்படியே எடுப்பதில்லை. இன்வெர்டேஸ் என்ற நொதியால் செல்லுக்கு வெளியிலேயே அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாக வெட்டி, சவ்விலுள்ள புரத வாசல்கள் வழியே உள்ளே விடுகிறது. எனக்கு இது ஒவ்வொரு முறையும் அதிசயம்தான்!

வெளியே சர்க்கரைக் கரைசல் கெட்டியாக இருந்தால் எல்லாம் தலைகீழ். செல்லுக்குள் இருக்கும் நீர் வெளியேறி, செல் சுருங்கிவிடும். நறுக்கிய மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விடுகிறதே, அதே சங்கதி. அதனால் உப்பையும் ஈஸ்ட் கரைசலில் போடாமல் மாவோடு கலந்துவிடுங்கள்.

அப்புறம், வெறும் பாலில் ஊறவைத்து நுரைக்குக் காத்திருக்க வேண்டாம். பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை ரொட்டி ஈஸ்டால் பயன்படுத்த முடியாது.

உலர் ஈஸ்டுக்குத் தண்ணீர் 40 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கட்டும். குளிர்ந்த நீரில் போட்டால், காய்ந்த சவ்வு சீராவதற்குள் உள்ளே இருக்கும் சத்து கசிந்துவிடும். சூடு சரியாக இருந்தால், அடியில் தங்கிய பழுப்பு மணிகள் பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து நுரையாக விரியும்.