லூத்ரோ போகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகள்

கிரேக்கத்தின் க்ரீட் தீவில், தென்கரையில், மலையடிவாரத்தில் கடலைப் பார்த்து ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் லூத்ரோ. ஊருக்குள் கார் போகச் சாலையே கிடையாது. படகில் போகலாம், இல்லாவிட்டால் நடக்கலாம். இது தெரியாமல், விமான நிலையம் இருக்கும் ஹானியா நகரத்தில் வாடகைக் கார் எடுத்து, ஓட்டல் வாசலிலேயே இறங்கிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் உண்டு. கார் பக்கத்துப் படகுத்துறை ஊரான ஹோரா ஸ்ஃபாகியோனோடு சரி. அங்கே நிறுத்திவிட்டுப் பெட்டியோடு படகு ஏற வேண்டியதுதான்.

இதைவிடப் பெரிய தவறு, திரும்புகிற நாளில் காலைப் படகு, மதியம் விமானம் என்று திட்டம் போடுவது. வானம் பளிச்சென்று இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது. ஆனாலும் படகு வராது. காரணம் காற்று. அது பலமாக அடித்தால் படகை நிறுத்திவிடுவார்கள், யாரிடம் சண்டை போட்டும் பயனில்லை. விமானத்துக்கு முந்தைய இரவே ஹானியாவுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் நடை. ஹோரா ஸ்ஃபாகியோன் போகும் மலைப்பாதையில் கிளிகா நேரா கடற்கரை வரும். பெயருக்கு 'இனிய நீர்' என்று பொருள். ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டுவது போலக் கூழாங்கற்களை விலக்கினால், அலைக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். அதை நம்பி வெறுங்கையோடு உச்சி வெயிலில் கிளம்பாதீர்கள். பாறைச் சரிவில் நிழலே கிடையாது. 2024 ஜூன் வெயிலில் கிரேக்கத் தீவுகளில் நடக்கப் போன பயணிகள் சிலர் உயிரோடு திரும்பவில்லை. விடிந்ததும் நடந்துவிடுங்கள்.

கழிப்பறைக் காகிதத்தைக் குழிக்குள் போடக் கூடாது, பக்கத்துக் கூடையில்தான், குழாய் குறுகல். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஊர் தூங்கும், சத்தம் வேண்டாம்.

சாப்பாட்டுக் கடையில் மீனுக்குப் பெரும்பாலும் கிலோ விலைதான் போட்டிருப்பார்கள். சமைக்கும் முன்பே எடை போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம். 'நே' என்றால் ஆமாம். 'நோ' என்று காதில் விழுந்து குழம்பாதீர்கள். சைவர்கள் 'லதேரா' என்று கேட்கலாம், ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காய்கறி. கடைசியில் கேட்காமலே சின்னக் குவளையில் ராக்கி என்ற திராட்சைச் சாராயம் வந்தால், வழக்கமாக அது கடைக்காரர் உபசரிப்பு. முதலில் கேட்காமலே வைத்தார்களே ரொட்டி, அது மட்டும் பெரும்பாலும் பில்லில் ஏறியிருக்கும்.