கடனற்ற வீடும் பிள்ளைகளின் பணப்பாடமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடனை அடைப்பது பெரியவர்களின் வேலை என்றும், பணத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பது பிள்ளைகளுக்கான தனிப்பாடம் என்றும் இரண்டையும் பிரித்துவைப்பதிலிருந்தே பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. உண்டியல் வாங்கிக் கொடுத்துச் சேமிப்பின் அருமையை ஓயாமல் எடுத்துச்சொல்லும் அதே வீட்டில்தான், இந்த மாதம் எந்தத் தவணையைத் தள்ளிப்போடலாம் என்ற பேச்சு தாழ்ந்த குரலில் நடக்கிறது. உரத்துச் சொன்ன அறிவுரையைவிடத் தாழ்ந்த குரலில் நடக்கும் அந்தப் பேச்சைத்தான் பிள்ளைகள் கூர்ந்து கேட்கிறார்கள். எனவே முதலில் பெரியவர்களின் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

கடனில் இருப்பவர்கள் செய்யும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது, கிரெடிட் கார்டு அறிக்கையில் அச்சாகி வரும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் போதும் என்று இருந்துவிடுவதாகும். மாதம் 3 சதவீத வட்டியில் 10,000 நிலுவை இருக்கிறது என்றும், குறைந்தபட்சத் தொகை நிலுவையில் 5 சதவீதம் என்றும் வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கட்டும் 500-இல் 300 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 200 மட்டுமே. நிலுவை குறையக் குறைய அறிக்கை கேட்கும் தொகையும் குறைந்துகொண்டே வருவதால், புதிதாக ஒரு பொருளும் வாங்காமல் இருந்தால்கூடக் கடன் பாதியாவதற்கு ஏறத்தாழ 34 மாதங்கள் ஆகும். அதற்குள் வட்டியாக மட்டும் சுமார் 7,500 கட்டியிருப்போம். அறிக்கை எவ்வளவு கேட்டாலும் சரி, முதல் மாதம் கட்டிய அதே 500-ஐ மாறாமல் கட்டிவந்தால் 31 மாதங்களில் முழுக் கடனும் தீர்ந்துவிடும்; மொத்த வட்டியும் 5,500-உடன் நின்றுவிடும். வருமானம் கூடாமல், கட்டும் தொகையைக் குறைய விடாமல் பிடித்துவைத்ததால் மட்டுமே கிடைத்த வித்தியாசம் இது.

அடுத்த தவறு, வட்டி விகிதத்தை அதன் பெயரைப் பார்த்து நம்பிவிடுவது. 12,000 கடனுக்கு 12 சதவீத ஃபிளாட் வட்டி, 12 மாதத் தவணை என்றால், வட்டி 1,440 சேர்ந்து மாதம் 1,120 கட்ட வேண்டும். கேட்பதற்கு இது நியாயமாகவே படும். ஆனால் அசல் மாதாமாதம் குறைந்துவரும்போதும், கடைசி மாதம் வரை முழு 12,000-க்கும் வட்டி போட்டே அந்தத் தொகை கணக்கிடப்பட்டிருக்கிறது. உண்மையில் கையில் இருந்த பணத்துக்கு மட்டும் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 21.5 சதவீதம் ஆகிறது. குறையும் நிலுவைக்கான வட்டி எவ்வளவு, எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்ற இரண்டு கேள்விகளைக் கேட்காமல் கையெழுத்திடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கடன் வாங்குவதற்குச் சமம்.

கையிருப்பு முழுவதையும் வழித்தெடுத்துக் கடனை அடைத்துவிட்டு, அடுத்த மாதமே ஒரு மருத்துவச் செலவுக்காக மறுபடியும் கடன் வாங்குவோரும் உண்டு. ஒரு மாதச் செலவுக்காவது ஒதுக்கி வைத்துக்கொண்டு மீதியைக் கடனுக்குத் திருப்புவதே பாதுகாப்பானது. கடன் தீர்ந்த பிறகு அந்த இருப்பை மூன்று முதல் ஆறு மாதச் செலவு வரை உயர்த்திக்கொள்ளலாம். பல கடன்கள் இருப்பின், வட்டி அதிகமானதை முதலில் அடைப்பதே கணக்குப்படி லாபம். சிறிய கடனை முதலில் முடித்தால்தான் சிலருக்கு ஊக்கம் வரும் என்பதும் உண்மையே. எந்த வரிசையும் இல்லாமல் அழுத்திக் கேட்பவருக்கு முதலில் கொடுப்பதுதான் தவறு. பிறருடைய கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுவதும் கடன்தான். அவர் கட்டாவிட்டால் நாம் கட்ட வேண்டும் என்பதே அதன் பொருள்.

இனிப் பிள்ளைகள் பக்கம் வருவோம். கடனை அவர்களிடமிருந்து முழுவதுமாக மறைப்பது ஒரு தவறு. நம் கவலை முழுவதையும் அவர்கள் தலையில் இறக்கிவைப்பது இன்னொரு தவறு. எட்டு வயதுக் குழந்தைக்குக் கடன் தொகை தெரிய வேண்டியதில்லை. "இதற்கு முன்பு வாங்கியதற்கு இன்னும் பணம் கட்டிக்கொண்டிருக்கிறோம், அது முடியும்வரை புதியது வாங்குவதில்லை" என்ற ஒரு வாக்கியம் போதும். "நம்மிடம் பணமே இல்லை" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, மறுநாள் நமக்குப் பிடித்த ஒன்றை வாங்கிவந்தால், பணம் இருப்பதும் இல்லாததும் பெரியவர்களின் மனநிலையைப் பொறுத்தது என்றே குழந்தை புரிந்துகொள்ளும்.

ஆனால் நான் பெரிதாகக் கருதும் தவறு வேறு. அவசரத்துக்குக் குழந்தையின் உண்டியலிலிருந்து எடுத்துவிட்டு, திருப்பி வைக்க மறந்துவிடுகிறோம். "எல்லாம் உனக்காகத்தானே செலவாகிறது" என்று அதற்கொரு நியாயமும் வைத்திருக்கிறோம். இதன் விளைவை ஊகிக்க உதவும் ஆய்வொன்று 2013-இல் வெளியானது. ஒரு மிட்டாயை உடனே தின்னாமல் காத்திருந்தால் இரண்டு கிடைக்கும் என்று சொல்லிக் குழந்தையின் பொறுமையைப் பார்க்கும் பழைய சோதனையை, அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் சற்றே மாற்றி நடத்தினார்கள். முதலில் 28 குழந்தைகளுக்கும் நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருவதாக வாக்களிக்கப்பட்டது; பாதிப் பேருக்கு வாக்குக் காப்பாற்றப்பட்டது, மற்றவர்களுக்கு "மன்னிக்கவும், இல்லை" என்று கைவிரிக்கப்பட்டது. அதன் பிறகு மிட்டாயை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாக 12 நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடங்களே காத்திருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆயினும், நாளைக்குக் கிடைக்கும் என்ற சொல் பொய்த்துப்போகும் இடத்தில், கையில் கிடைத்ததை இன்றே செலவழித்துவிடுவது குழந்தையின் பார்வையில் அறிவான முடிவு என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது. உண்டியலிலிருந்து எடுக்க நேர்ந்தால் குழந்தையிடம் கேட்டு, ஒரு தாளில் தொகையையும் தேதியையும் எழுதி, சொன்ன நாளில் திருப்பி வைக்க வேண்டும். கடன் என்பது என்ன என்று பெரியவரே கடனாளியாக இருந்து கற்பிக்கக்கூடிய சந்தர்ப்பம் அது. அதைத்தான் நாம் வீணடிக்கிறோம்.

வீட்டு வேலை ஒவ்வொன்றுக்கும் கூலி நிர்ணயிப்பதும் யோசிக்க வேண்டியது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளிடம் வரைந்தால் பரிசுச் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பிற்பாடு அவர்கள் தாமாக வரைவது குறைந்துபோனது. தட்டைக் கழுவுவதற்குக் காசு என்று பழக்கினால், காசு வேண்டாத நாளில் தட்டு அப்படியே கிடக்கும். கைச்செலவுப் பணத்தை மாதம் ஒரு நாளில் தவறாமல் கொடுப்பதும், வழக்கத்துக்கு மேற்பட்ட வேலைக்கு மட்டும் ஊதியம் தருவதும் பொருந்திவரும் வழி. அந்தப் பணத்தை மூன்றாம் நாளே தீர்த்துவிட்டு வந்து நிற்கும் பிள்ளைக்கு இரக்கப்பட்டு மேலும் கொடுப்பது, வருமானத்தை மீறிச் செலவழித்தாலும் யாரோ ஈடுகட்டுவார்கள் என்று பழக்குவதாகும். தொகை சிறியதாக இருக்கும் வயதிலேயே அந்த இருபத்தேழு நாள் இடைவெளியை அனுபவித்துவிடட்டும்.

கூட்டு வட்டியைச் சேமிப்பின் அதிசயமாக மட்டும் சொல்லிக்கொடுத்து, அதே கணக்கு கடனிலும் நடக்கிறது என்பதை விட்டுவிடுகிறோம். 72-ஐ ஆண்டு வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாகும் ஆண்டுகள் தோராயமாகக் கிடைக்கும். இத்தாலியக் கணித அறிஞர் லூகா பாசியோலி 1494-இலேயே குறிப்பிட்ட விதி இது. வகுத்தல் தெரிந்த பிள்ளையே போட்டுப் பார்க்கலாம்: 6 சதவீதச் சேமிப்பு இரட்டிப்பாக 12 ஆண்டுகள், 36 சதவீதக் கடன் இரட்டிப்பாக 2 ஆண்டுகள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது ஏன் என்று பிள்ளை கேட்டால், பெரும்பாலும் நம்மிடம் பதில் இருக்காது.

கடைசித் தவணை கட்டிய மறுமாதமே ஒரு தவறு காத்திருக்கிறது. விடுபட்ட தொகை எங்கே போனது என்று தெரியாமலேயே அன்றாடச் செலவில் கரைந்துவிடுகிறது. இத்தனை நாள் அந்தப் பணம் இல்லாமல் குடும்பம் நடந்தது என்பதால், அதே தேதியில் அதே தொகையைச் சேமிப்புக்கு மாற்றிவிடலாம். முன்பு சொன்ன 500-ஐ இன்னும் 31 மாதங்கள் தொடர்ந்து போட்டால், வட்டியைச் சேர்க்காமலேயே 15,500 இருக்கும். கடனுக்காகக் கட்டித் தீர்த்த மொத்தத் தொகையும் அதே 15,500-தான். இரண்டு கணக்கையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதும் வேலையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.